பழைய ஐபாடில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மெமரி கார்டு பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் (ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவி) ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் உள்ளே இருந்த 30 ஜிபி, 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் சில மாதங்களாக டிக் டிக் என்று சத்தமிட்டு, கடைசியில் பாட்டை நடுவிலேயே நிறுத்திவிடத் தொடங்கியது. டிஸ்கை எடுத்துவிட்டு, எஸ்டி கார்டு செருகும் அடாப்டரை அதே ரிப்பன் கேபிளில் பொருத்தினால் கருவி புதிதுபோல் ஆகிவிடும் என்பது உண்மைதான். நான் ஏமாந்தது அடாப்டரில் அல்ல, கார்டில்.

கடைக்காரர் 128 ஜிபி கார்டுடன் சேர்த்து 7,500 ரூபாய் வாங்கினார். என் கண்முன்னே ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருளில் ரீஸ்டோர் செய்து (அதாவது ஐபாடின் மென்பொருளைப் புதிதாக ஏற்றி), திரையில் 119 ஜிபி என்று காட்டியபோது (128 ஜிபி கார்டு அப்படித்தான் காட்டும்) நானும் திருப்தியோடு பணத்தைக் கொடுத்துவிட்டேன். ரீஸ்டோர் செய்யும்போது கார்டின் மிகச் சிறிய பகுதியில்தான் எழுதப்படுகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் இருபது ஜிபி வரை குறையேதும் இல்லை. முப்பதைத் தாண்டிய பிறகு, பட்டியலில் பெயர் இருக்கும் பாடல்கள் ஒலிக்காமல் தாவின. அதுவரை நன்றாக ஒலித்த பாடல்களும் கரகரத்தன. மூடியைத் திறந்து, கார்டை எடுத்து, கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். அது கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கும் என்பதால் பல மணி நேரம் ஓடியது. தேறியது சுமார் 29 ஜிபி மட்டுமே. கார்டுக்குள் இருந்து அதை இயக்கும் கண்ட்ரோலர் சிப்பைத் திருத்தி, இல்லாத கொள்ளளவை இருப்பதாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கு மேல் எழுதுவது காணாமல் போகும், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "போட்டுப் பார்த்துதானே சார் வாங்கிட்டுப் போனீங்க?" என்றார். பழைய டிஸ்கையாவது கொடுங்கள் என்றேன், குப்பையில் போட்டாயிற்றாம். வேலைக்குக் கொடுக்கும்போதே, பழைய டிஸ்கைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். கார்டையும் நீங்களே வாங்கி, முழுதாகச் சோதித்த பிறகு கொடுங்கள்.

அடாப்டர் நல்லதாகவே இருந்ததால், நான் சோதித்து வாங்கிய 64 ஜிபி கார்டு இப்போது அதில் இருக்கிறது. கடையில் நெம்பித் திறந்தபோது நெளிந்த பின்மூடி மட்டும் நிமிரவில்லை.