பிராக் போகிறவர்களுக்கு: பணம் மாற்றிய ரசீதை உடனே படியுங்கள்

சென்ற ஜூலையில் என் பெற்றோரை செக் நாட்டின் தலைநகரான பிராகுக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டனில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். சென்னையிலிருந்து வந்திருந்த அப்பா, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய யூரோ நோட்டுகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "இன்றைய செலவு முழுக்க என்னுடையது" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார். பறிபோனது அந்தப் பணம்தான்.

காலையில் 22ஆம் எண் டிராமில் கோட்டைக்குப் போனோம். டிராமுக்குள்ளேயே வங்கி அட்டையைக் காட்டி டிக்கெட் எடுக்க முடிந்தது. புனித விட்டஸ் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை விட்டு வர அம்மாவுக்கு மனமே இல்லை. பிறகு இறங்கி சார்லஸ் பாலத்துக்கு வந்தோம். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம்; அரைக் கிலோமீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள், ஒதுங்க நிழலே இல்லை. உச்சி வெயிலில் கல்லிலிருந்து சூடு ஏறியது. பாலத்தைத் தாண்டியதும் அம்மா கழிப்பறை தேடினார். அங்கே அமர்ந்திருந்தவர் உள்ளூர்ச் சில்லறைதான் வேண்டும் என்றார். செக் நாட்டின் பணம் கொருனா. எங்களிடம் யூரோ மட்டுமே இருந்தது.

பக்கத்துச் சந்திலேயே பணம் மாற்றும் கடை ஒன்று இருந்தது. கமிஷன் கிடையாது என்று பெரிய எழுத்தில் பலகை; கீழே ஒரு யூரோவுக்கு இருபத்து நான்கு கொருனாவுக்கு மேல் ஓர் எண். அம்மா தவித்துக்கொண்டிருந்தார். அப்பா 200 யூரோவை நீட்டினார். உள்ளே இருந்தவர் ஒரு தாளை நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். நான் போட்டேன். படிக்கவில்லை.

அப்பா தினமும் கணக்கு எழுதுகிறவர். நான்கு மணிக்குப் பழைய நகரச் சதுக்கத்தில், 1410இல் செய்த வானியல் கடிகாரத்தில் திருத்தூதர்களின் பொம்மைகள் வந்து போவதைப் பார்த்து முடித்ததும், குறிப்பேட்டைத் திறந்து, "200 யூரோவுக்கு 3,200 கொருனாதானே கொடுத்தான்?" என்று கேட்டார். ஒரு யூரோவுக்கு 16. என் கைபேசி அன்றைய மதிப்பை 24.50 என்று காட்டியது. கிடைத்திருக்க வேண்டியது 4,900. கிட்டத்தட்ட 70 யூரோ போய்விட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். பலகையில் பெரிதாக இருந்தது, அவர்கள் யூரோவை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

கடிகாரம் இருக்கும் நகர மன்றக் கட்டடத்திலேயே சுற்றுலாத் தகவல் மையம் உண்டு. அங்கிருந்த பெண் நான் சொல்லி முடிப்பதற்குள், "ரசீது இருக்கிறதா? எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?" என்று கேட்டார். 2019 ஏப்ரல் முதல் அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ரசீதில் இருந்த நேரம் 12.48. அப்போது மணி 4.10.

இருபத்திரண்டு நிமிடம்! அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. ஓடிப்போய்க் கேட்டோம். கடைக்காரர் ரசீதின் நேரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சட்டம் அவர் பக்கம் இருக்கலாம்; வெயிலில் தவித்து வரும் வயதானவர்களிடம் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குவதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே, பிராக் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் கொருனா தேவையா என்று பாருங்கள். நாங்கள் போன கடைகள் எல்லாவற்றிலும் அட்டை வாங்கினார்கள். சில்லறைக்காக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பணத்தை நீட்டுவதற்கு முன் "200 யூரோவுக்கு என் கையில் எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய தொகைக்கு மட்டும் நல்ல விலை தரும் கடைகளும் உண்டு. ஏடிஎம்மில் எடுத்தால், உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். தெருவில் நின்று "மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பேச்சே வேண்டாம். செல்லாத வேற்று நாட்டு நோட்டைத் திணித்துவிடுவார்கள். ஏமாந்தது தெரிந்தால் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, ரசீதோடும் வாங்கிய பணத்தோடும் அதே கடைக்குத் திரும்புங்கள். நேரம் இருந்தும் மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யுங்கள்.

"போனது போகட்டும், இதை எழுதிப் போடு" என்று சொன்னவர் அப்பாதான். அவருடன் காலையில் நடக்கும் நண்பர்கள் இருவர் செப்டம்பரில் வியன்னாவும் பிராகும் போகிறார்கள்.