அண்டர்ஃபில் வேலைக்கு இன்டர்ஃபோம் தாங்குமா?

ஃபிளிப் சிப்புக்கு (பலகையில் கவிழ்த்து ஒட்டும் சிப்) அடியில் அண்டர்ஃபில், அதாவது இடுக்கை நிரப்பும் எபாக்சி பிசின், எப்படி ஊடுருவுகிறது என்று கணினியில் பார்க்க வேண்டும், வணிக மென்பொருள் உரிமத்துக்குக் காசில்லை. மலேசியாவின் பினாங்கில், சிப் ஆலைகள் உள்ள பாயான் லெப்பாஸ் பக்கம் இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் கை வைப்பது ஓப்பன்ஃபோம் என்ற திரவ ஓட்ட மென்பொருளில் உள்ள இன்டர்ஃபோம் சால்வரில்தான் (இரு திரவங்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல்). இலவசம். அணை உடைந்து நீர் பாய்வது, தொட்டியில் எண்ணெய் தளும்புவது போன்ற வேலைகளுக்குத் தயங்காமல் எடுக்கலாம். மைக்ரான் இடுக்கு அப்படியல்ல.

நிறுவுவதற்கு முன் ஒரு கணக்கு. இடுக்கு 50 மைக்ரான், நீளம் 10 மில்லிமீட்டர், பாகுநிலை 0.1 பாஸ்கல் விநாடி, அடர்த்தி கன மீட்டருக்கு 1500 கிலோ, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், தொடுகோணம் 30 பாகை என்று வைப்போம். இடுக்கில் திரவம் தானே ஏறும் வேகத்தைச் சொல்லும் வாஷ்பர்ன் சமன்பாட்டின்படி நிரம்பச் சுமார் 23 விநாடி ஆகும். இடுக்கின் உயரத்தில் 10 செல் (கணக்குக்காக வெட்டும் சிறு கட்டம்; இவற்றின் தொகுப்பே மெஷ்) போட்டால் ஒரு செல் 5 மைக்ரான். பரப்பு இழுவிசையை முந்தைய ஸ்டெப்பின் மதிப்புகளைக் கொண்டே கணக்கிடும் முறைக்குப் பிராக்பில் குழு 1992இல் தந்த வரம்பு, டைம் ஸ்டெப்பை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர இடைவெளி) 0.7 மைக்ரோ விநாடியில் நிறுத்துகிறது. அதாவது மூன்று கோடிக்கு மேல் ஸ்டெப்! பிசின் கெட்டியாக இருந்தால் வரம்பு தளரும். அப்போதும் லட்சக்கணக்கில்தான் போகும். செல்லைப் பாதியாக்கினால் ஸ்டெப் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

அடுத்த தொல்லை, இல்லாத ஓட்டம். இன்டர்ஃபோம் இடைமுகத்தின் (திரவமும் காற்றும் சந்திக்கும் பரப்பு) வளைவை, ஒவ்வொரு செல்லிலும் திரவம் எத்தனை பங்கு என்ற பின்னத்தின் சரிவிலிருந்து எடுப்பதால், அசையாத நீர்த்துளியைச் சுற்றியும் காற்று சுழல்வதாகக் காட்டும். மெஷை நுணுக்கினால் போய்விடும் என்று எண்ண வேண்டாம், போகாது. இடைமுகத்தை இறுக்கும் அமைப்பான சிஆல்ஃபாவை 1க்கு மேல் ஏற்றினால் இடைமுகக் கோடு கூர்மையாகும், கூடவே சுருக்கமும் விழும். கூர்ன்ட் எண்ணை (ஒரு ஸ்டெப்பில் ஓட்டம் எத்தனை செல் தூரம் நகரலாம் என்ற வரம்பு) 0.25க்கு இறக்குவது அதைவிடப் பயன் தரும். ஓப்பன்ஃபோமின் இன்னொரு சால்வரான இன்டர்ஐசோஃபோம் இடைமுகத்தை வடிவியல் முறையில் நகர்த்துவதால் கோடு சுத்தமாக இருக்கும். ஆனால் வளைவின் பிழை அதனால் மட்டும் தீராது. பரப்பு இழுவிசையே ஆளும் வேலை என்றால், உயரச் சார்பு (செல் வரிசைகளில் திரவத்தின் உயரத்தை அளக்கும் முறை) கொண்டு வளைவை எடுக்கும் பேசிலிஸ்க் என்ற மென்பொருள்தான் எங்கள் தேர்வு.

இடைமுகம் சுவரைத் தொடும் கோட்டின் வேகம் செல் அளவைப் பொறுத்து மாறும். ஆகவே, ஒரே மெஷில் கிடைத்த நிரப்பு நேரத்தை அறிக்கையில் எழுதாதீர்கள். முழு சிப்புக்கு, உயரத்தைச் சராசரியாக்கி இரு பரிமாணத்தில் கணக்கிடும் மெல்லிய இடுக்கு மாதிரி போதும். இரண்டு மூன்று பம்ப் (சிப்பைப் பலகையோடு இணைக்கும் சாலிடர் முடிச்சு) வரிசைக்கு மட்டும் முப்பரிமாணம் போடுங்கள், காற்றுக்குமிழி சிக்கும் இடம் அங்கேதான் தெரியும்.

இறக்கும்போது பதிப்பையும் பாருங்கள். ஓப்பன்ஃபோம் இரண்டு வரிசைகளாக வெளிவருகிறது. இன்டர்ஐசோஃபோம் இருப்பது இஎஸ்ஐ வரிசை என்று அறியப்படும் ஓப்பன்சிஎஃப்டி வரிசையில், வி1706 முதல். மற்றதான ஃபவுண்டேஷன் வரிசையின் 11ஆம் பதிப்பில் இன்டர்ஃபோமே ஒரு மாட்யூலாக மாறிவிட்டது. பழைய பயிற்சிக் கோப்புகளை அப்படியே ஓட்டினால் பிழைச் செய்தி வரலாம்.