கோஸ்டாரிக்காவில் கடலோர வீடு: பிளானோ என்ற நில வரைபடத்தைக் காட்டி அட்வான்ஸ் கேட்டால் உஷார்

கோஸ்டாரிக்காவின் கரீபியன் கரையில், புவெர்த்தோ வியெஹோவுக்குத் தெற்கே ஒரு மரவீட்டை வாங்கித் தருவதாகச் சொல்லி, தரகர் ஒருவர் எங்களிடம் 12,000 டாலர் முன்பணம் வாங்கினார். வீடும் வரவில்லை, பணமும் வரவில்லை. டொரண்டோவில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் இதே ஊருக்குக் குடிவரும் யோசனையில் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏமாற்றியவர் உள்ளூர்க்காரர் இல்லை. எங்களைப் போலவே வட அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். ஆங்கிலம் பேசுவார், விமான நிலையத்துக்கே வண்டி எடுத்துவந்து கூட்டிப்போவார், சாப்பிட்ட பில்லையும் அவரே கட்டுவார். இந்த நாட்டில் வீடு, நிலத் தரகு செய்ய உரிமம் எதுவும் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம்.

அவர் காட்டிய இடம் கடலிலிருந்து ஏறக்குறைய 120 மீட்டர். "பட்டா சுத்தம், வில்லங்கமே இல்லை" என்கிற தோரணையில் ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். அரசு முத்திரை, அளவுகள், எல்லைகள் எல்லாம் அதில் இருந்தன. அதன் பெயர் பிளானோ கத்தஸ்திராதோ. அது வெறும் நில அளவை வரைபடம். நிலத்துக்கு இன்னார் உரிமையாளர் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது தேசியப் பதிவகமான ரெஹிஸ்த்ரோ நசியோனால் மட்டுமே. அந்த இடத்துக்கு அங்கே எந்தப் பதிவும் இல்லை. விற்பவரிடம் இருந்தது அனுபோக உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்த தாள் ஒன்று. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் கடலோரச் சட்டம். 1977-இல் வந்த 6043-ஆம் எண் சட்டப்படி, கடல் ஏற்றக் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு உரியது. அதை யாரும் சொந்தமாக்க முடியாது. அதற்கடுத்த 150 மீட்டரில் நகராட்சி தரும் குத்தகை மட்டும்தான். சட்டத்துக்கு முன்பே முறையாகப் பதிவான சில இடங்கள் விதிவிலக்கு. வெளிநாட்டவருக்கு அந்தக் குத்தகை வேண்டுமென்றால் குறைந்தது 5 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனிக்கும் கிடையாது. நாங்கள் பார்த்த வீடு முழுக்க முழுக்க இந்த 150 மீட்டருக்குள் நிற்கிறது.

இதைக் கேட்டதும் தரகர் சிரித்தார். "இங்கே எல்லாரும் கம்பெனி பேரில்தான் வாங்குகிறார்கள். 51 சதவீதத்தை உள்ளூர் ஆள் ஒருவர் பேரில் போட்டுவிடலாம்" என்றார். அந்த உள்ளூர் ஆள் யாரென்று விசாரித்தால், தரகரே பரிந்துரைத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை செய்பவர்! அதாவது பணம் எங்களுடையது, காகிதத்தில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்த வழக்கறிஞர்தான் விற்பவருக்கும் வழக்கறிஞர். இங்கே பத்திரம் எழுதும் நோட்டரி என்பவர் வழக்கறிஞராகவே இருப்பார்; பத்திரமும் ஸ்பானிய மொழியில்தான் இருக்கும். அப்படிப்பட்ட நாட்டில் இரு தரப்புக்கும் ஒரே ஆள் என்றால், நம் பக்கம் ஆளே இல்லை என்று அர்த்தம்.

எங்களை மேலும் ஏமாறாமல் காப்பாற்றியது அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மூதாட்டி. ரயில்பாதை போட ஜமைக்காவிலிருந்து இந்தக் கரையில் உள்ள லிமோன் மாகாணத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர். அவருடைய கிரியோல் ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பே கிடையாது, தன் வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டுத்தான் ஓடுகிறது என்றார். பின்னால் இருக்கும் யோலியோ பனைக்காடு சதுப்பு நிலம், அதில் கைவைக்க முடியாது என்றும் சொன்னார். தரகரோ அதே இடத்தைக் காட்டி, மண் கொட்டினால் இன்னொரு குடில் கட்டலாம் என்றிருந்தார். தண்ணீர் உண்டு என்ற கடிதம் கார்த்தா தே அகுவா. அரசுக் குடிநீர் நிறுவனமோ ஊர்த் தண்ணீர்ச் சங்கமோ அதைத் தராமல் கட்டட அனுமதி கிடைக்காது. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நகராட்சிச் சான்றும் வேண்டும். இரண்டையும் கேட்டோம். தரகர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

விற்பனை முடியும்வரை முன்பணம் எஸ்க்ரோவில், அதாவது மூன்றாம் தரப்பு ஒருவரிடம், பத்திரமாக இருக்கும் என்பதுதான் பேச்சு. நிதிக் கண்காணிப்பு அமைப்பான சூகெஃபில் பதிவு செய்த நிறுவனத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் கொடுத்த கணக்கு அவருடைய சொந்தக் கம்பெனிக் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வேறொரு வழக்கறிஞர் மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். தொகையை எண்ணிப் பார்த்தால் வழக்குச் செலவுக்கே சரியாகிவிடும் போலிருக்கிறது. ஆனாலும் விடுவதாக இல்லை.

ஊரைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம். இதே கரையில் உள்ள கஹுயிதாவில் வாடகைக்கு இருக்கிறோம், தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறோம். ஒன்று மட்டும்: செப்டம்பர், அக்டோபரில் மட்டும் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் மழை கொட்டும் அந்த மாதங்களில் இந்தக் கரை வெயிலடித்துப் பளிச்சென்று இருக்கும். தரகர்களும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். டிசம்பரில் வந்து, தலைநகரிலிருந்து இங்கே வரும் 32-ஆம் நெடுஞ்சாலை மலைச்சரிவால் மூடிக் கிடக்கும்போதும் ஊர் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வீடு இப்போது வேறு புகைப்படங்களோடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. யாராவது அதைக் காட்டினால், ஃபோலியோ ரியல் எனப்படும் சொத்துப் பதிவு எண்ணைக் கேளுங்கள். லிமோன் மாகாணத்துச் சொத்தென்றால் அது 7 என்று தொடங்கும். பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். 'எல்' எழுத்தில் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் அது பிளானோவின் எண். எங்களுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.