தெர்மோஸ்டாட்: கழற்றிவிடுவதா, மாற்றிப் போடுவதா?

எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வண்டி ஹீட் ஆகிறது என்று சொன்னதும் சில மெக்கானிக்குகள் யோசிக்காமல் சொல்வது, "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம், தொல்லை விட்டது." என் காரிலும் அப்படித்தான் செய்தார்கள். டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் கீழே இறங்கியதும் எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் மைலேஜும் கூடவே இறங்கியது, காலையில் எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடித்தது. அப்புறம்தான் முன்னால் இருந்த மூன்று வழிகளையும் ஒழுங்காக எடை போட்டேன்: கழற்றிவிடுவது, குறைந்த சூட்டிலேயே திறக்கும் வகையைப் போடுவது, அதே டிகிரியில் திறக்கும் புதியது போடுவது.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், கோளாறு தெர்மோஸ்டாட்டில்தானா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைச் சரிபார்த்து, ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். மின்விசிறி திடீரென்று சுழலும், கை அதனருகே போகக் கூடாது. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் சில்லென்று இருந்தால், வால்வு மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாட்டர் பம்ப் கோளாறும் ஏர் லாக்கும் (கூலன்ட் பாதையில் காற்று சிக்கி ஓட்டத்தைத் தடுப்பது) இதே அறிகுறியைக் காட்டும், அதனால் கழற்றிச் சோதிப்பதுதான் உறுதி. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டையும் தெர்மாமீட்டரையும் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல கார்களில் அது 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லையா? குற்றவாளி அதுதான்.

நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஹீட் ஏறி, ஓடும்போது இறங்கினால் மின்விசிறி, அதன் ரிலே (அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச்) பக்கம் பாருங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் கூலன்ட் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது மருந்தே அல்ல.

சரி, கழற்றிவிட்டால் என்ன ஆகும்? கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் வழியாக ஓடும், எஞ்சின் தேவையான சூட்டை எட்டத் திணறும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி கூடுதல் எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து, ஆவியாகிப் போக வழியில்லாமல் கசடாகத் தங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுக்கு ஒரு வேலை உண்டு: சூடானதும் பைபாஸ் வழியை அது அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்த வழி திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். மலையேறும்போது வண்டி முன்பைவிடவும் ஹீட் ஆகக்கூடும். "கூலன்ட் வேகமாக ஓடினால் ஆற நேரம் கிடைக்காது" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது தவறு, ஓட்டம் கூடினால் வெப்பம் கூடுதலாகவே வெளியேறும். வழியில் வண்டி நின்று, மாற்றுப் பொருள் கிடைக்காதபோது ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேர மட்டும் இந்த வழியை ஏற்பேன்.

71 அல்லது 77 டிகிரியில் திறக்கும் வகையைப் போடலாமே என்பது அடுத்த யோசனை. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது எஞ்சினின் குறைந்தபட்ச வெப்பத்தை மட்டும்தான். முள் 110-ஐத் தொடும்போது இரண்டு வகையுமே முழுசாகத் திறந்துதான் இருக்கும். அடைபட்ட ரேடியேட்டரை இது காப்பாற்றாது. எஞ்சின் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்று செக் எஞ்சின் விளக்கு எரிந்து, பி0128 என்ற கோளாறுக் கோட் பதிவாகக்கூடும், அவ்வளவுதான் மிச்சம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: தயாரிப்பாளர் சொன்ன அதே டிகிரி, கசிவைத் தடுக்க புது கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் (ரப்பர் வளையம்). பெட்டியைப் பிரித்ததும் அதையும் தண்ணீரில் சோதித்துவிட்டே மாட்டுங்கள், பத்து நிமிட வேலை. மெழுகு உருளை (சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் பகுதி) இருக்கும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேலே வர வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளேயே சிக்கி, புதுப் பொருள் மேல் பழி விழும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கூலன்ட் பீய்ச்சியடித்து முகத்தைப் பொசுக்கிவிடும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியபின் அளவைப் பாருங்கள். மிச்சக் காற்று வெளியேறியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பினால் போதும். அதன் பிறகும் தினம் தினம் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.