பள்ளி வாசலுக்கு எது நல்லது: நடைமேம்பாலமா, வேகத்தடையா, டேபிள் டாப்பா?

பள்ளி, மார்க்கெட், பஸ் ஸ்டாப் வாசலில் மக்கள் பயமில்லாமல் ரோட்டைக் கடக்க வழி கேட்டால் மூன்றில் ஒன்றைத்தான் தருவார்கள். எங்கள் பகுதிப் பள்ளிக்கு நாங்கள் கேட்டு வாங்கியது டேபிள் டாப். நடைபாதையின் உயரத்திலேயே ரோட்டின் குறுக்கே போகும் மேடைக் கடவை அது. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நடைமேம்பாலத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கீழே வாகனம் போக ஐந்தரை மீட்டர், அதோடு பாலத்தின் கனம் சேர்த்தால் ஆறு மீட்டர் உயரம். 15 செ.மீ. படி என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரரும் சைக்கிளை உருட்டி வருபவரும் ஏறவே மாட்டார்கள். ஆறுவழிச் சாலைக்கும் ரயில் பாதைக்கும் அது சரி, தெருவுக்கு வேண்டாம்.

வேகத்தடை மலிவு, ஓரிரவில் போட்டுவிடலாம். சாலை அமைப்புக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 99ஆம் நெறிமுறை சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அப்படிப் போட்டால் 25 கி.மீ. வேகத்தில் முதுகு குலுங்காமல் தாண்டலாம். தெருவில் நாம் பார்ப்பதோ ஒரு முழ அகலத்துக்கு நிற்கும் கூம்பு. சைக்கிள் ரிம் கோணுகிறது, பில்லியனில் இருப்பவர் தூக்கி எறியப்படுகிறார். அதைவிட மோசம், தண்ணீர் ஓட இரு ஓரத்திலும் விடும் இடைவெளி. பைக்குகள் வேகம் குறைக்காமல் அதில்தான் நுழைகின்றன. கடக்கக் காத்திருக்கும் குழந்தை நிற்பதும் அதே ஓரத்தில்தான்.

டேபிள் டாப்பில் அந்த இடைவெளி இல்லை. உயரம் 15 செ.மீ., சரிவு 1:10 (பத்து அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம்) என்றால் ஏறும் சரிவின் நீளம் ஒன்றரை மீட்டர். பஸ் போகும் ரோட்டில் 1:20 வையுங்கள், நீளம் மூன்று மீட்டர். மேல்தளம் குறைந்தது மூன்று மீட்டர், பஸ் ரூட்டில் ஆறு. மேடை ஏற வண்டி வேகம் குறைத்தே ஆக வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும், 30 கி.மீ. என்றால் 13 மீட்டர். வெறும் ஜீப்ரா கோட்டால் இந்த வேகக் குறைப்பைக் கொண்டுவர முடியாது. நடைபாதையும் கடவையும் ஒரே மட்டம் என்பதால் பார்வையற்றவருக்கு ரோடு தொடங்கும் இடம் தெரியாது. விளிம்பில் காலுக்குத் தட்டுப்படும் குமிழ் ஓடு பதிக்காமல் வேலையை முடிக்க விடாதீர்கள்.

இது பிழைப்பதும் சாவதும் மழைத்தண்ணீரில். நடைபாதை முதல் நடைபாதை வரை 15 செ.மீ. உயரத்தில் எழும் எதுவும் ஓர் அணைதான். ஏற்றம் தொடங்குமுன் இரு ஓரத்திலும் வடிகால் வாய், அதாவது ரோட்டுத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் திறப்பு, வேண்டும். சென்னை மாதிரி மட்டமான தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணால் சொல்ல முடியாது. கருவி வைத்து லெவல் பார்க்கச் சொல்லுங்கள், சந்தேகமிருந்தால் மேடைக்கு முன்னும் பின்னும் வாய் வையுங்கள். மூடியின் கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்காக இருக்கட்டும், நீளவாக்கில் போட்டால் சைக்கிள் சக்கரம் சிக்கும். வாயிலிருந்து வடிகாலுக்குப் போகும் குழாய் 300 மி.மீ. இருக்கட்டும். 150 மி.மீ. குழாயை நாலு பிளாஸ்டிக் கவர் அடைத்துவிடும். வாயின் உள்ளே குழாய்க்குக் கீழே ஒரு அடி ஆழம் விட்டால் மணல் அங்கே தங்கும், அள்ளவும் எளிது. சிலர் ஓரத்தில் ஒரு சந்து விட்டு இரும்புத் தகடு போட்டு மூடுகிறார்கள். தகடு திருடுபோகும், அடியில் குப்பை அள்ளவும் முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, முதல் பெருமழை முடிந்ததும் இன்னொருமுறை தூர்வார வேண்டும். இல்லையென்றால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் நடு ரோட்டில் நடப்பார்கள், புகார் போகும். அடைத்த வாயைத் திறப்பதற்குப் பதில் ஜே.சி.பி. கொண்டுவந்து மேடையையே பெயர்த்துவிடுவார்கள்.

அடுத்தது ரீலேயிங், அதாவது ரோட்டுக்குப் புதிதாகத் தார் போடுவது. ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. தார் ஏறினால் இரண்டாம் முறையில் 15 என்பது 7 ஆகிவிடும், வண்டிகள் பழைய வேகத்துக்குத் திரும்பும். பழைய தாரை மில்லிங் செய்த (சுரண்டி எடுத்த) பிறகே புதிது போட வேண்டும் என்று 2021இலேயே தமிழக அரசு உத்தரவிட்டிருக்கிறது, அதைக் காட்டிக் கேளுங்கள்.

மேடை முழுவதும் பேவர் பிளாக் வேண்டாம். பிரேக் அடிக்கும் சரிவில்தான் கற்கள் முதலில் நகரும். சரிவைத் தாரிலோ கான்கிரீட்டிலோ போட்டு, மேலே மட்டும் கல் பதித்து, விளிம்பில் கான்கிரீட் பீம் கட்டுங்கள்.

இரவெல்லாம் லோடு லாரி ஓடும் ரோட்டுக்கு இதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஒட்டியிருக்கும் வீடுகளுக்குச் சத்தமும் அதிர்வும் தொந்தரவாகலாம். மற்ற இடங்களில் எஸ்டிமேட் வந்ததும் முதலில் பாருங்கள்: வடிகால் வாயும் குழாயும் மேடையோடு ஒரே ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று. "அது வேறு டெண்டர், அப்புறம் வரும்" என்றால், அது வரும்வரை மேடை வேலையைத் தொடங்க விடாதீர்கள்.