கான்கூன் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏர்போர்ட்டில் "இலவச மாயன் விருந்து" என்று கூப்பிட்டால் நிற்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் ஸ்பிரிங் பிரேக் வந்தால் மெக்ஸிகோவின் கான்கூனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போகலாம். அவர்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. நாங்களும் ஹூஸ்டனிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி என்று குடும்பமாகப் போனோம். கடல் அருமை, மக்கள் அருமை. ஆனால் ஒரு முழு நாளையும், ஒரு பெரிய தொகையையும் எங்களிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். அடுத்து போகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது.

கஸ்டம்ஸ் தாண்டியதும் வாசலுக்கு முன்னால் ஒரு நீளமான கூடம் வரும். இரண்டு பக்கமும் கவுண்டர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பட்டியல். பார்த்தால் ஏர்போர்ட் ஊழியர் என்றுதான் தோன்றும். "எந்த ஹோட்டல்? உங்கள் வண்டியை நான் பார்க்கிறேன்" என்று நிறுத்துவார்கள். அவர்கள் ஏர்போர்ட் ஊழியர்கள் இல்லை. டைம்ஷேர் விற்பவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கும் உரிமையை மொத்தமாகப் பணம் கட்டி வாங்கச் சொல்வார்களே, அந்த வியாபாரம்.

எங்களிடம் அந்த வார்த்தையே வரவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்ததும் அந்த ஆள் பேச்சையே மாற்றிக்கொண்டார். "பெரியவர்களுக்கு உள்ளூர்ச் சாப்பாடு காட்ட வேண்டாமா? நாளைக் காலையில் இங்குள்ள மாயன் பழங்குடிக் குடும்பத்துப் பாட்டி கையால் சோளத்தில் டார்ட்டியா தட்டிப் போடுவார், கொச்சினீட்டா பிபில் என்ற பன்றிக்கறி உண்டு, நாட்டுப்புற நடனம் உண்டு. ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்துக்குக் கால் விலையில் டூர்." முன்பணம் 60 டாலர், ரொக்கமாக. வந்துவிட்டால் திருப்பித் தருவார்களாம். அம்மாவுக்கு அந்தப் பாட்டி கதை ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் வேன் வந்தது. ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி ஒரு ரிசார்ட். பாட்டியும் இல்லை, டார்ட்டியாவும் இல்லை. பான்கேக், முட்டைப் பொரியல், பன்றி இறைச்சித் துண்டுகள், டப்பா ஜூஸ். எந்த ஊர் ஹோட்டலிலும் கிடைக்கும் காலைச் சாப்பாடு. நடனத்தைப் பற்றிக் கேட்டால் "அது சாயங்காலம்" என்றார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அண்ணன் அண்ணியைத் தனி மேஜைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

இதன் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லாருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. முதலில் வருபவர் நண்பர் மாதிரி. குழந்தைகள், வேலை, எங்கெல்லாம் போக ஆசை என்று பேசி அரை நாளைத் தின்பார். இரண்டாவது ஆள் விலை சொல்வார்: 32,000 டாலர். வேண்டாம் என்றால் முகம் மாறும், "பெற்றோருக்குச் செலவு செய்ய மனசில்லையா?" என்று குத்துவார். அப்புறம் மேனேஜர் என்று ஒருவர் வந்து 11,000-க்கு இறங்குவார், "இன்றைக்கு மட்டும்". வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அது ஏறிக்கொண்டே போகும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஹோட்டலுக்குத் திரும்ப வேன் கேட்டால், மேஜையில் இருக்கும் சீட்டில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு, "இதோ முடிந்துவிடும்" என்று சிரித்தபடி சொன்ன அந்தப் பெண்ணை என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஏம்மா, சாப்பாடு போடுறேன்னு கூட்டிட்டு வந்துட்டு இப்படிப் பட்டினி போடுறாங்களே" என்றார் அம்மா. அண்ணன் கடைசியில் 2,500 டாலருக்குக் கார்டைத் தேய்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். அப்பாவை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கால் விலை டூரிலும் ஒன்று ஒளிந்திருந்தது. நுழைவுச் சீட்டு அதில் சேராது. சிச்சென் இட்சாவில் மத்திய அரசுக்கு ஒன்று, யுகடான் மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் உண்டு. வாசலில் அதையும் கட்டினால் மலிவு என்று சொன்னதெல்லாம் காணாமல் போய்விடும். நாங்கள் அந்த டூரை எடுக்கவில்லை. கான்கூன் டவுனிலிருந்து ஏடிஓ கம்பெனி பஸ் பிடித்து வயடோலிட் என்ற ஊருக்குப் போனோம். அங்கிருந்து சிச்சென் இட்சா சுமார் 45 கிலோமீட்டர், ஷேர் வேன் போகிறது.

அம்மா கேட்ட சாப்பாடு வயடோலிட்டில்தான் கிடைத்தது. சதுக்கத்தை ஒட்டிய முனிசிபல் பஜாரில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். கொச்சினீட்டா என்பது பன்றிக்கறியை அச்சியோட்டே என்ற சிவப்பு விதையின் விழுதிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழை இலையில் பொதிந்து, குழியடுப்பில் மணிக்கணக்காக வேகவைப்பது. இலையைப் பிரித்ததும் ஆவியோடு வந்த வாழை இலை மணத்தில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். கடைக்கார அம்மா சூடான டார்ட்டியாவில் கறியைப் பிய்த்து வைத்து, ரோஸ் நிறத்தில் ஊறிய வெங்காயத்தைத் தூவி, அபநேரோ மிளகாய்ச் சட்னியைக் காட்டி "கொஞ்சமாக" என்று விரலால் சைகை செய்தார். இது காலைச் சாப்பாடு, மதியத்துக்குள் தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள். அம்மா சைவம். அவருக்குப் பூசணி விதையையும் தக்காளியையும் அரைத்துச் செய்யும் சிக்கில் பாக், புளித் தண்ணீர், செம்பருத்தித் தண்ணீர். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பீன்ஸ் பயற்றைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். "சின் மான்டெகா" (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கான்கூனிலேயே இருக்கப் போகிறவர்கள் சாயங்காலம் பார்கே தெ லாஸ் பலாபாஸ் பூங்காவுக்குப் போகலாம், ஹோட்டல் பகுதியிலிருந்து டவுனுக்கு ஆர்-1 பஸ் ஓடுகிறது.

இனி கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு. பயப்படாதீர்கள், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். மெக்ஸிகோ சட்டப்படி டைம்ஷேர் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். அண்ணன் கையெழுத்திட்ட காகிதக் கட்டில், "ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு பக்கமும் சேர்த்திருந்தார்கள். அது செல்லாது. அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, அந்தச் சட்டம் தரும் உரிமைகளை நுகர்வோர் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அண்ணி அழுகையை நிறுத்தினார்.

மறுநாளே கடிதம் எழுதினோம், ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். பெயர், ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும். அவ்வளவு போதும். நேரில் கொண்டுபோனால் "பொறுப்பானவர் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்கள். நாள் ஓடட்டும் என்றுதான். அங்கேயே நின்றபடி கடிதத்தை ஒப்பந்தத்தில் இருந்த இமெயிலுக்கு அனுப்பினோம், கூரியரிலும் போடப் போவதாகச் சொன்னோம். பிறகு அண்ணன் ப்ரோஃபெகோ என்ற பெயரை எடுத்தார். அது அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு, கான்கூனிலேயே அலுவலகம் இருக்கிறது. பொறுப்பானவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். அந்த நகல் இல்லாமல் வராதீர்கள்.

ப்ரோஃபெகோவிடம் புகார் செய்யக்கூடிய விஷயம் இன்னொன்று. ஹோட்டல் பகுதி உணவகங்களில் பில்லில் டிப்ஸைத் தாங்களே சேர்த்துவிடுகிறார்கள். அங்கே டிப்ஸ் கட்டாயம் கிடையாது, எடுக்கச் சொல்லலாம். 16 சதவீத வரியும் மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். கார்டு மெஷின் டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோவை அழுத்துங்கள்.

ஏர்போர்ட்டில் செய்ய வேண்டியது இதுதான். வண்டியை ஊரிலேயே புக் செய்துவிடுங்கள். கூடத்தில் யார் எந்த ஹோட்டல் என்று கேட்டாலும் பதில் சொல்லாமல் நடங்கள். உங்கள் பெயர்ப் பலகையோடு நிற்கும் ஓட்டுநர் கட்டிடத்துக்கு வெளியேதான் இருப்பார். ஏடிஓ பஸ்ஸும் வெளியிலிருந்துதான் கிளம்புகிறது.

2,500 டாலர் திரும்பி வந்துவிட்டது. கம்பெனி இழுத்தடித்தது. முத்திரை போட்ட நகலை அண்ணன் கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பிப் புகார் கொடுத்த பிறகுதான் வந்தது. கவுண்டரில் ரொக்கமாகக் கொடுத்த 60 டாலர் வரவில்லை. அந்த ரசீதில் முகவரியும் இல்லை, வரி எண்ணும் இல்லை.