இரண்டு கிலோ வேப்பமரக் கர்லாக்கட்டை: எடைக்கு முன் பிடியைப் பாருங்கள்

கர்லாக்கட்டை, அதாவது தோளைச் சுற்றி வீசி உடற்பயிற்சி செய்யும் மரக்கட்டை, வாங்கப் போகிறவர்கள் எடையைத்தான் முதலில் கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது பிடியை. இந்தக் கட்டை இரண்டடி நீளம், ஒரே மரத்தில் கடைந்தது. பிடியைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் நடுவிரலின் நுனியைத் தொடுகிறது. அடியில் உள்ள குமிழ் சுண்டுவிரலில் தட்டி நிற்பதால், இறுக்காமலே கட்டை கையில் நிற்கும். பிடியைத் தனியாகச் செய்து திருகாணியில் பொருத்தியவற்றை வாங்கவே வேண்டாம். சுற்றச் சுற்ற இணைப்பு தளரும்.

குறை, வார்னிஷ். வியர்வை பட்டால் வழுக்குகிறது. பிடியில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

சுற்றும் முறை எளிது. கட்டையை நெஞ்சுக்கு முன் நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை உயர்த்தி, தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் இறக்க வேண்டும். இறங்கும்போது மூச்சை இழுங்கள். தள்ள வேண்டாம், எடை தானே விழுந்து ஊஞ்சல்போல மறுபக்கம் ஏறும். அந்த ஏற்றத்தோடு சேர்ந்து, மூச்சை விட்டபடி முன்னே கொண்டுவருவதுதான் கையின் வேலை.

இந்தக் கருவியின் அருமை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டை திரும்பும் இடம் கண்ணுக்குத் தெரியாது, உணர்ந்துதான் அறிய முடியும். நினைப்பு வேறெங்கோ போனால் வட்டம் சிறுத்துக் கட்டை முதுகில் உரசும். கவனம் கலைந்ததை டம்பெல் இவ்வளவு உடனே சொல்லாது.

ஏழெட்டுச் சுற்றில் தோளில் சூடு பரவும். பலரும் அப்போது பல்லைக் கடித்து, பிடியை இறுக்கி, இடுப்பை முன்னே தள்ளுவார்கள். முன்கை வலியும் இடுப்புப் பிடிப்பும் வருவது இதனால்தான். தாடையைத் தளர்த்திவிட்டு அந்தச் சூட்டையே கவனியுங்கள்: எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, ஓய்வில் எப்படி வடிகிறது. சில வாரங்களில் அந்தச் சூட்டுக்காகவே கட்டையை எடுக்கத் தோன்றும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அது வேறு; உடனே நிறுத்துங்கள்.

தொடக்கத்துக்குக் கைக்கு 10 சுற்று, 1 நிமிடம் ஓய்வு, இப்படி 3 முறை போதும். மூக்கால் மூச்சுவிட முடியவில்லையென்றால் வேகம் அதிகம். தோள்மூட்டு முன்பு விலகியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வீட்டுக்குள் சுற்றுவதானால், கையோடு கட்டையையும் உயர்த்தி மின்விசிறி எட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.